‘மாப்பிள்ளை யாரு?’

தலைத் தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போய் வந்ததை ஒருத்தன் கட்டுரையாக எழுதுவானா? தீபாவளி மலர்களில் ஜோக்காக வருகிற விஷயம் அது. மோதிரம் எத்தனை பவுன், மாமியார் சுட்ட அதிரசம் பல்லை உடைத்ததா என்று சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கும் சிரிக்க ஆசைதான். ஆனால் அந்த வீட்டில் மூன்று நாள் நான் வேறொரு சாதிக்காரனாக இருந்தேன். நானாக ஆகவில்லை, ஆக்கிவைத்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்த மூன்று நாளில் ஒரு நிமிஷம்கூட யாரும் என்னை மரியாதைக் குறைவாக நடத்தவில்லை. அதனால்தான் இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. அடித்தால் அடித்தான் என்று எழுதிவிடலாம். சோறு போட்டவர்களைப் பற்றி என்னவென்று எழுதுவது?

நான் திண்டிவனம் பக்கத்துக் காலனிக்காரன். பறையர். என் மனைவி தென்காசி பக்கத்துக் கிராமம். நிலம் நீச்சு வைத்திருக்கிற ஒரு சாதி. எந்தச் சாதி என்று எழுதவில்லை. என் சாதியை அவர்கள் மறைத்ததைப் பற்றிப் பேச வந்தவன், அவர்கள் சாதியை மறைப்பது என்ன நியாயம் என்று கேட்கலாம். பெயரைப் போட்டால் மற்றச் சாதிக்காரர்களுக்கு வசதியாகப் போய்விடும். ‘அவனுங்க அப்படித்தான், நாங்க அப்படி இல்ல’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். யாரும் அப்படித் தப்பிக்கக் கூடாது என்பதால் பெயர் இல்லை.

இரண்டு பேரும் சென்னையில் வேலை. 2018 பிப்ரவரியில் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டோம். ஐயர் இல்லாமல், மாலை மாற்றிக்கொண்டாலும் கல்யாணம்தான் என்று 1967-ல் அண்ணா ஆட்சியில் வந்த சட்டத் திருத்தம் சொல்கிறது. பதிவும் செய்தோம். அவள் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. அடுத்த மாதமே, மார்ச் 27-ஆம் தேதி, வயது வந்த இரண்டு பேர் கல்யாணம் செய்துகொள்வதில் குடும்பமோ சாதிப் பஞ்சாயத்தோ தலையிடக் கூடாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. பேப்பரில் படித்துவிட்டு அவள் சொன்னாள்: “தீர்ப்பு சரி. எங்கம்மாவ எங்கூடப் பேசச் சொல்லி எந்தக் கோர்ட்டு சொல்லும்?”

அக்டோபரில் அம்மாவே பேசினாள். “எட்டு மாசமாச்சு. தல தீவாளிக்கு ரெண்டு பேரும் வந்துட்டுப் போங்க” என்றாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு என் மனைவி அழுதாள். எனக்கும் சந்தோஷம்தான். மறுநாள் அவளுடைய அண்ணன் பேசினார். “வாங்க மாப்ள. ஒண்ணே ஒண்ணு. யாராவது ஏதாவது கேட்டா நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நாங்க சொல்லிக்கிடுதோம்” என்றார். என்ன சொல்லிக்கொள்வார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். இந்தக் கட்டுரையில் முதல் குற்றம் என்னுடையது.

*

நவம்பர் 4-ஆம் தேதி ஞாயிறு ராத்திரி எழும்பூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினோம். காலையில் தென்காசி. லேசாக மழை தூறிக்கொண்டிருந்தது. மலை தெரிந்தது. மச்சான் கார் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அதில் ஒரு அம்மா சத்தமாகவே கேட்டாள்:

“மாப்ள யாரு? எந்தூருக்காரவ?”

“நம்ம ஆளுவதான். வடக்க, திண்டிவனம் பக்கம். அவங்க அப்பா நெல்லு மண்டி வெச்சிருந்தாவளாம்.”

சொன்னவர் என் மாமனார். சொல்லும்போது என் பக்கம் திரும்பவில்லை. ஆரத்தித் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

‘நம்ம ஆளு’ என்றதுகூட எனக்கு உடனே உறைக்கவில்லை. நெல் மண்டிதான் உறைத்தது. என் அப்பா கூலிக்குக் கரும்பு வெட்டினவர். சேற்றில் அண்டை வெட்டினவர். வெட்டின கையில் காய்ப்புக் காய்த்து, சோறு பிசையும்போதுகூட விரல் சரியாக மடங்காது. அந்தக் கையால்தான் எனக்குப் பரீட்சைக்குப் பணம் கட்டினார். அவர் செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. செத்தவரை ஒரு நிமிஷத்தில் நெல் மண்டிக்காரர் ஆக்கிவிட்டார்கள். வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அன்புதான். பொய்யான அன்பு என்று சொல்ல மாட்டேன். தீபாவளி அன்று விடியற்காலையில் அத்தை என்னை மணையில் உட்கார வைத்துத் தன் கையால் தலையில் நல்லெண்ணெய் வைத்தாள். கை நடுங்கியது. இலேகியம் உருட்டிக் கொடுத்தாள். சுடச்சுட இட்லியும் கறிக்குழம்பும் வைத்து, ‘இன்னொண்ணு, இன்னொண்ணு’ என்று இலையை நிரப்பினாள். நான் கறியில் எலும்பைக் கடிப்பதைப் பார்த்து அடுத்த முறை எலும்பாகப் பார்த்துப் போட்டாள். முந்திரிக்கொத்து செய்திருந்தாள். எங்கள் பக்கத்தில் அது கிடையாது. “ஒங்கம்மைக்கும் கொண்டு போங்க” என்று தனியாக ஒரு டப்பாவில் கட்டினாள். அடுப்படிக்குள் போனேன், தண்ணீர் மொண்டு குடித்தேன், யாரும் எதுவும் சொல்லவில்லை.

அன்று மாலை தெருவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். சாதிச் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவராம். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மெதுவாக ஆரம்பித்தார். வடக்கே நம்ம ஆட்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள், யார் வகையறா, யாருக்குச் சொந்தம். மச்சான் குறுக்கே விழுந்து விழுந்து பதில் சொன்னார். கடைசியில் அவர் நேராக என்னிடம் கேட்டார்: “உங்க குலதெய்வம் எது தம்பி?”

சாதியை வாயால் கேட்காமல் கேட்கிற கேள்வி இது. படித்தவர்களும் இப்படித்தான் கேட்கிறார்கள். மச்சான் முகம் வெளுத்துப் போனது. நான் சொன்னேன்: “மேல்மலையனூர் அங்காளம்மன்.” உண்மையான பதில். எங்கள் வீட்டுச் சாமி அதுதான். அந்த அம்மனுக்கு எங்கள் பக்கத்தில் எல்லாச் சாதியிலும் குடிகள் உண்டு. அவர் தலையை ஆட்டிக்கொண்டு, “சக்தியுள்ள தெய்வம்” என்றார். வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். மூன்று நாளில் நான் வாய் திறந்து சொன்ன ஒரே உண்மை அது. அந்த உண்மைதான் அவர்கள் பொய்யைக் காப்பாற்றியது. உண்மையைச் சொல்லியும் பொய்யனாக இருக்கலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

*

இதோடு முடிந்திருந்தால் நானும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ‘வயசானவங்க, ஊர் வாய்க்குப் பயப்படறாங்க’ என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். மறுநாள் காலையில் நடந்தது வேறு.

புறவாசலில் தொழுவத்துப் பக்கம் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். ஒரு தாத்தா வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இவர்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். கையில் தூக்குவாளி. படிக்கு அந்தப் பக்கமே நின்றார். அத்தை இட்லியையும் குழம்பையும் தூக்குவாளியில் ஊற்றினாள், கை படாமல், மேலேயிருந்து. பலகாரத்தை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தாள். மச்சானின் பத்து வயதுப் பையன் ஓடி வந்து அந்தத் தாத்தாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, “தீவாளிக் காசு வாங்கிட்டியா?” என்று கேட்டான். அவர், “வாங்கிட்டேன் சாமி” என்றார். பத்து வயதுப் பையன் சாமி.

அப்புறம் என்னைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “மருமவப் புள்ளயளா? நல்லா இருக்கணும் சாமி” என்று கும்பிட்டார்.

என் தாத்தாவும் இப்படித்தான் ஊர்த்தெருவுக்குப் போவார். தீபாவளிக்கு மறுநாள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போகும்போது சின்னப் பையனான என்னையும் கூட்டிக்கொண்டு போவார். ஒரு தரம் ஒரு வீட்டுப் படியில் கால் வைத்துவிட்டேன். என் தாத்தாதான் என் முதுகில் அறைந்தார். அந்த வீட்டுக்காரன் அடிப்பதற்கு முன்னால் தானே அடித்துவிட வேண்டும் என்று அடித்தார். அந்தப் படிக்கு அந்தப் பக்கம் நின்றே வளர்ந்தவன் நான். இப்போது இந்தப் பக்கம் நிற்கிறேன். வாயில் பற்பசை நுரை. கும்பிடு என் மேல் வந்து விழுகிறது.

‘தாத்தா, எனக்கு எதுக்குக் கும்பிடு, நானும் காலனிக்காரன்தான்’ என்று தொண்டை வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அந்தத் தாத்தாதான் நடுங்கிப் போவார், நாளைக்கு இந்த வீட்டுக்கு எப்படி வேலைக்கு வருவார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் அது இல்லை. எனக்குப் பயம். அத்தை என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்தது. உள்ளே போய்விட்டாள். தாத்தா தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

*

அன்று ராத்திரி ரயிலில் என் மனைவியிடம் சொன்னேன். எதிர் சீட்டுக்காரர் தூங்கும்வரை காத்திருந்து சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “அம்மா ஒங்க தலையில எண்ணெய் வெக்கும்போது அழுதாங்க. நீங்க குனிஞ்சிருந்தீங்க, பாக்கல” என்றாள்.

“அவங்க எண்ணெய் வெச்சது யார் தலையில?” என்று கேட்டேன்.

இந்தக் கேள்வி அவளுக்கு வலித்தது. “ஒங்க தலையிலதான். அவங்களுக்குத் தெரியும்ல, நீங்க யாருன்னு. தெரிஞ்சுதான வெச்சாங்க? எனக்கு இந்தப் பொய்யெல்லாம் புதுசு இல்ல. ஹாஸ்டல்லேர்ந்து ரெண்டு வருஷம் ஒங்களப் பத்திப் பொய்தான் சொன்னேன். பொய் சொல்லாம எங்க வீட்லேர்ந்து ஒரு பொண்ணு தனக்குப் புடிச்சவனோட வெளிய வர முடியாது.”

அவள் சொன்னதும் உண்மை. அப்படியென்றால் பொய் சொல்வது தப்பா, இல்லையா? இந்தக் கேள்வியோடுதான் நான் அப்போதிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். யாருக்கும் தீங்கில்லாமல் நன்மை தருமானால் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கலாம் என்று வள்ளுவர் வாய்மை அதிகாரத்திலேயே சொல்லி வைத்திருக்கிறார். அந்தக் குறளை எடுத்து நீட்டாத பொய்யன் தமிழ்நாட்டில் இல்லை. மச்சானும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார்: “ஒங்க பாதுகாப்புக்குத்தான் மாப்ள.”

பாதுகாப்பு என்பதைத் தள்ளிவிட முடியாது. 2016 மார்ச் 13-ஆம் தேதி உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்கள். கல்யாணம் ஆகி எட்டு மாதம். கூட இருந்த மனைவி கௌசல்யாவுக்கும் வெட்டு. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் பெண்ணின் தந்தை உட்பட 6 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் தந்தையை விடுதலை செய்து, 5 பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. இந்த நாட்டில் சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டவன் உயிருக்காகத் தன் சாதியை மறைத்தால் அவனை நோக்கி விரல் நீட்ட எவனுக்கும் யோக்கியதை இல்லை. ஆனால் எங்கள் மாமனார் வீட்டில் மறைத்தது என் உயிரையா, அவர்கள் மானத்தையா? ‘எங்களுக்குப் பயமா இருக்கு, நீங்க வர வேண்டாம், நாங்க மெட்ராசுக்கு வந்து பாக்கறோம்’ என்று சொல்லியிருந்தால் அது பாதுகாப்பு. மகளும் வேண்டும், மாப்பிள்ளையும் வேண்டும், தெருவில் மரியாதையும் குறையக் கூடாது என்றால் அதற்குப் பேர் வேறு.

*

அம்பேத்கர் தன் அனுபவங்களை எழுதி வைத்த ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற சின்ன நூல் அவர் காலத்துக்குப் பிறகு, 1990-ல்தான் அச்சில் வந்தது. அதில் முதலில் வருவதே ஒரு விடுமுறைப் பயணம்தான். 1901-ல் நடந்தது. பத்து வயதுப் பையன். கோடை விடுமுறைக்கு அப்பா வேலை பார்க்கும் ஊருக்கு அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் கிளம்புகிறான். புதுச் சட்டை, சந்தோஷம். மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். கூட்டிப் போக ஆள் வரவில்லை. உடுப்பைப் பார்த்துப் பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்து ஸ்டேஷன் மாஸ்டர் பரிவோடு விசாரிக்கிறார். பையன் யோசிக்காமல் ‘நாங்கள் மகர்கள்’ என்று சொல்லிவிடுகிறான். அவ்வளவுதான், அவர் முகம் மாறிப் போகிறது. வண்டிக்காரன் எவனும் வர மாட்டேன் என்கிறான். இரண்டு மடங்கு கூலி தருகிறோம், நாங்களே வண்டி ஓட்டுகிறோம், நீ நடந்து வா என்ற ஏற்பாட்டில் ஒருவன் சம்மதிக்கிறான். கட்டுச்சோறு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. ராத்திரி சுங்கச் சாவடியில், முஸ்லிம் என்று சொல்லிக் கேட்டுப் பார் என்று வண்டிக்காரன் சொல்லிக் கொடுக்கிறான். பையன் உருது பேசி அப்படியே கேட்கிறான். அப்போதும் தண்ணீர் கிடைக்கவில்லை.

உண்மை சொன்னபோதும் இல்லை, பொய் சொன்னபோதும் இல்லை. அதே நூலில், 1917-ல் பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல் பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கியதையும் எழுதுகிறார். ஒரு நாளைக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள் கையில் தடியோடு ஆட்கள் வந்து மாடியில் நின்றார்கள். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவர் அன்றைக்கே ஊரை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

இந்த இரண்டு இடத்திலும் அவர் பொய் சொன்னார். இரண்டையும் ஒளிக்காமல் எழுதி வைத்தார். அவருக்குத் தெரியும், அந்தப் பொய்க்கு வெட்கப்பட வேண்டியவர் தான் இல்லை என்று. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவன் சொன்ன பொய் அது. அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? சுங்கச் சாவடிக்காரனுக்கு ஒரு சொம்பு தண்ணீர்கூட நஷ்டமில்லை.

ஆகவே பொய் சொல்லலாமா கூடாதா என்று கேட்பதே தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தப் பொய்க்கு விலை கொடுப்பது யார் என்று கேட்க வேண்டும். என் மனைவி ஹாஸ்டலில் சொன்ன பொய்க்கு அவளே விலை கொடுத்தாள், தூக்கம் கெட்டு, பயந்து, கடைசியில் வீட்டையே விட்டு. மாமனார் சொன்ன பொய்க்கு மாமனார் என்ன கொடுத்தார்? ஒன்றும் இல்லை. அவர் மரியாதை அப்படியே இருந்தது. கொடுத்தது என் அப்பா. கரும்பு வெட்டின கையைப் பறிகொடுத்தார். கொடுத்தது அந்தத் தாத்தா. அவருடைய கும்பிடு பொய்யான ஆளுக்குப் போனது. உண்மையான ஆளுக்குப் போயிருந்தால் மட்டும் சரியா என்று கேட்டால், அதுவும் இல்லைதான். ஆனால் அந்தப் படியை அந்த இடத்திலேயே நிறுத்தி வைக்க என்னையும் ஒரு முட்டுக்கல்லாக வைத்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

லாகூரில் ஜாத்-பாத் தோடக் மண்டல் என்ற அமைப்பு, சாதியை ஒழிக்கப் போகிறோம் என்று சொன்ன அமைப்பு, அம்பேத்கரைத் தலைமை உரைக்குக் கூப்பிட்டது. எழுதிய உரையைப் பார்த்ததும் சில பகுதிகளை எடுத்துவிடச் சொன்னது. அவர் மறுத்தார். மாநாடே நடக்கவில்லை. அந்த உரையை 1936-ல் தன் சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். அதுதான் ‘சாதி ஒழிப்பு’. விருந்துக்குக் கூப்பிட்டவர்கள் விருந்தாளியின் வாயைக் கட்டச் சொன்ன கதைதான் அதுவும். அவர் விருந்தை வேண்டாம் என்றார். நான் சாப்பிட்டேன்.

அந்த நூலில் சமபந்தி போஜனம் மட்டும் சாதியை ஒழிக்காது, கலப்பு மணம் வேண்டும் என்கிறார். அதோடும் நிற்காமல், சாதிக்குப் புனிதம் கொடுக்கிற சாஸ்திரங்களின் மேல் உள்ள நம்பிக்கை போக வேண்டும் என்கிறார். நாங்கள் கலப்பு மணம் செய்தோம். ஒரே இலை வரிசையில் சாப்பிட்டோம். தலையில் எண்ணெய்கூட வைத்தார்கள். இருந்தும் சாதி ஒரு மயிரிழை அசையவில்லை. ஏனென்றால் கலந்தது வீட்டுக்குள்ளே. தெருவுக்குத் தெரியவில்லை. உறவு என்பது நாலு பேர் அறியச் சொல்கிற சொல். ‘இவர் என் மருமகன், இன்னாருடைய மகன்’ என்று தெருவில் சொல்ல முடியாத இடத்தில் விருந்து இருக்கலாம், பாசம்கூட இருக்கலாம், உறவு இல்லை.

2011-12-ல் எடுத்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டுக்கு மேல் ஏதோ ஒரு வகையில் தீண்டாமை பார்ப்பதாகத் தாங்களே ஒத்துக்கொண்டார்கள். தாழ்த்தப்பட்டவர் உங்கள் அடுப்படிக்குள் வரலாமா, உங்கள் பாத்திரத்தைப் பயன்படுத்தலாமா என்பது அதில் ஒரு கேள்வி. அதே ஆய்வில் சாதி மாறிய கல்யாணம் நூற்றுக்கு ஐந்து அளவில்தான் இருந்தது. என் அத்தையிடம் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டால், வரலாம் என்றுதான் சொல்லுவாள். பொய்யும் இல்லை. நான் வந்தேனே. எந்தப் பேரில் வந்தான் என்று கேட்க அந்த ஆய்வில் இடம் இல்லை. இதில் இன்னொரு வேடிக்கை. முத்துலட்சுமி ரெட்டி பெயரில் அரசாங்கம் கலப்புத் திருமணத்துக்குப் பணமும் தாலிக்குத் தங்கமும் கொடுக்கிறது. அதற்கு இரண்டு பேருடைய சாதிச் சான்றிதழும் வைக்க வேண்டும். அரசாங்கத்திடம் சாதியைக் காட்டினால் தங்கம். மாமனார் ஊரில் சாதியைக் காட்டாமல் இருந்தால் கறிச்சோறு.

*

அடுத்த தீபாவளிக்கு நாங்கள் போகவில்லை. என் மனைவிதான் சொன்னாள், நான் சொல்லவில்லை. “யாருன்னு கேக்கறவங்ககிட்ட உள்ளது உள்ளபடி சொல்லு. சொல்ல முடியாதுன்னா சொல்லு, நாங்க வரல, கோவமில்ல” என்று அம்மாவிடம் போனில் சொன்னாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

2020 பொங்கலுக்கு அத்தை தனியாகத் திண்டிவனத்தில் வந்து இறங்கினாள். பஸ்ஸில் வந்திருக்கிறாள். ஊரில் திருவண்ணாமலை கிரிவலம் என்று சொல்லிவிட்டு வந்தாளாம். அதுவும் பொய்தான். ஆனால் இந்தப் பொய்க்கு விலை கொடுத்தது அவள். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து, கண்டுபிடித்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தோடு எங்கள் காலனிக்குள் நடந்து வந்தாள். என் அம்மா புது எவர்சில்வர் டம்ளரைத் தேடினாள். அத்தை அங்கே கிடந்த டம்ளரிலேயே தண்ணீர் மொண்டு குடித்தாள். தரையில் உட்கார்ந்து பரங்கிக்காய் நறுக்கினாள்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “யாரு இவங்க?” என்று கேட்டாள்.

“எங்க சம்மந்தி. என் மருமவளப் பெத்தவங்க. தென்காசிலேர்ந்து வந்துக்கிறாங்க” என்று என் அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். ராத்திரி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “ஒங்கம்ம எவ்ளோ லேசா சொல்லிட்டாவ மாப்ள. எனக்கு அந்த வார்த்த வாயில வர மாட்டேங்கு.”

என் அம்மாவைப் பற்றி எனக்குப் பெருமைதான். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நானும் பாதி உண்மைக்காரன் ஆகிவிடுவேன். ‘பெரிய எடத்துப் பொண்ணு’ என்று என் அம்மா மருமகளைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு மிதப்பு வரும். மேலேயிருந்து வந்தவள் என்பதில் வருகிற மிதப்பு. ஒரு நாள் கேட்டேன்: “யம்மா, நான் ஒரு அருந்ததியர் வீட்டுப் பொண்ணக் கட்டிக்கினு வந்திருந்தா, இதே மாதிரி சத்தமா சொல்லியிருப்பியா?” அம்மா பதில் சொல்லவில்லை. அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். சாதி படிப்படியாக அடுக்கி வைத்த அசமத்துவம் என்று அம்பேத்கர் சொன்னது லாகூருக்கும் தென்காசிக்கும் மட்டும் இல்லை. எங்கள் வீட்டு முறத்தடிக்கும்தான். மாமனாரைப் பார்த்து நான் கேட்கிற கேள்வியை என் வீட்டு வாசலிலும் கேட்காவிட்டால் எனக்குக் கேட்க உரிமை கிடையாது.

இப்போது எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். மாமனார் போனில் பேத்தியோடு கொஞ்சுகிறார். இந்தத் தீபாவளிக்குப் பேத்தியைக் கண்ணில் காட்டக் கூடாதா என்று கேட்கிறார். அந்தக் குரலைக் கேட்கும்போது எனக்கு மனசு இளகத்தான் செய்கிறது. கூட்டிக்கொண்டு போகலாம். அந்தத் தெருவில் எவளாவது அவளை மடியில் உட்கார வைத்து, “உங்கப்பா யாரு, உங்க தாத்தா என்ன வேல செஞ்சாரு?” என்று கேட்பாள். குழந்தை என்ன சொல்ல வேண்டும்? தாகத்தில் தண்ணீருக்காக ஒரு பொய் சொல்ல நேர்ந்தால் சொல்லட்டும், நான் கண்டிக்க மாட்டேன். முந்திரிக்கொத்துக்காக அவள் தன் தாத்தாவின் கையை மறைக்க வேண்டியதில்லை.

மாமா, நாங்கள் வருகிறோம். உங்கள் வீட்டுச் சாப்பாட்டில் எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. வாசலில் ஆரத்திகூட வேண்டாம். ‘மாப்ள யாரு?’ என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்பாள். அப்போது தட்டைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: திண்டிவனம் பக்கத்துக் காலனி, பறையர் வீட்டுப் பிள்ளை, கரும்பு வெட்டினவர் மகன், என் மருமகன். அந்தத் தாத்தாவுக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். அவர் பேரை அன்றைக்கு அந்தப் பையன் வாயிலிருந்து கேட்டும் எனக்கு மனதில் நிற்கவில்லை. வந்ததும் முதலில் அவரிடம் போய்ப் பேர் கேட்க வேண்டும்.